சுபாஜினியின் பதிவுக்கு ஒரு வாக்கு

சுபாஜினியைப் பற்றிய பதிவுக்கு யாரோ ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள்.

குகதாசன் நாற்காலியை முன்னுக்கு இழுத்துத் திரையைக் கூர்ந்து பார்த்தான். பிற்பகல் இரண்டரை மணி. வீட்டுக்குப் பின்னால் நீர்வேலி வாழைத் தோட்டங்களைச் சோளகக் காற்று பிய்த்தெறிந்துகொண்டிருந்தது. கிழிந்த இலைகள் ஒன்றோடொன்று உரசும் அந்தச் சத்தம், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், தூரத்தில் மழை வருவதைப் போலவே இருக்கும். மழை பெய்து மூன்று மாதமாகிவிட்டது. முற்றத்து மண் வெந்து கிடந்தது. வீட்டில் வேறு யாருமில்லை. மனைவி தயாளினி ஆஸ்பத்திரியில் தாதி. காலையில் போனால் மாலை ஆறரைக்குத்தான் அவளுடைய ஸ்கூட்டர் சத்தம் கேட்கும்.

அவன் உடுப்பிட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணினி படிப்பிக்கிறவன். ஓகஸ்ட் விடுமுறையில் பொழுது போகாமல், பத்து வருடமாக எழுதிவரும் தன் வலைப்பூவைப் புதுப்பிக்க இறங்கியிருந்தான். அன்று காலைதான் இரண்டு சங்கதிகளைப் புதிதாகச் சேர்த்திருந்தான். ஒவ்வொரு பதிவின் அடியிலும் ஐந்து நட்சத்திரங்கள்; வாசிக்கிறவர் தன் விருப்பப்படி ஒன்றோ ஐந்தோ, வேண்டுமானால் அரையோ அழுத்தலாம். அதற்குக் கீழே 'இதையும் வாசியுங்கள்' என்று ஒரு பெட்டி. அது தானாகவே பொருத்தமான இன்னொரு பதிவைத் தெரிந்தெடுத்துக் காட்டும். பதிவைத் திருத்தினால் பழைய வாக்குகள் அழிந்துபோகும்படி நிரலில் ஒரு வரியையும் அவனே எழுதியிருந்தான். பழைய எழுத்துக்கு விழுந்த புள்ளியைப் புது எழுத்து சுமப்பது நியாயமில்லை என்று வாத்தியார் மூளைக்குப் பட்டது.

இருநூற்றுச் சொச்சம் பதிவுகள். வாழைக்குலையைப் புகையூட்டிப் பழுக்க வைப்பது, பழைய சைக்கிளைக் கழற்றிப் பூட்டியது, பள்ளிக்கூடத்துக் கிரிக்கெட். எதையும் யாரும் அழுத்தவில்லை. இந்த ஒன்றை மட்டும். ஒரு வாக்கு. ஒரு நட்சத்திரம்.

அது பதினொரு வரிப் பதிவு. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசியில் சண்டைக்குப் பயந்து வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, கைதடி வெளியில், கொட்டும் மழையில், சன நெரிசலுக்குள் தங்கை சுபாஜினியின் கை தன் கையிலிருந்து பறிபட்டுப் போனதென்றும், விடியும்வரை கூப்பிட்டுத் தேடியும் அவள் கிடைக்கவில்லையென்றும் அதில் எழுதியிருந்தான். அவளுக்கு அப்போது ஆறு வயது. அவனுக்குப் பன்னிரண்டு. ஒவ்வொரு ஐப்பசியிலும் கனடாவில், அதற்குப் பிறகு பிறந்த தம்பியின் வீட்டில் இருக்கும் அம்மா அதை வாசித்து அழுவாள். சொந்தக்காரர் ஆறுதல் எழுதுவார்கள். அதற்குப் போய் ஒற்றை நட்சத்திரம் கொடுக்கிற மனம் யாருக்கு இருக்கும்?

எழுத்துப் பிழை கண்டு எரிச்சல்பட்ட யாரோ என்று நினைத்து, இரண்டு ஒற்றுப் பிழைகளைத் திருத்திச் சேமித்தான். நட்சத்திரங்கள் வெறுமையாயின. எழுந்துபோய்ச் செம்பில் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

ஒரு வாக்கு. ஒரு நட்சத்திரம்.

மற்றப் பதிவுகளைத் திறந்து பார்த்தான். வாழைக்குலைப் பதிவின் கீழே, 'இதையும் வாசியுங்கள்: என் தங்கை சுபாஜினி'. சைக்கிளின் கீழேயும் அதே. கிரிக்கெட்டின் கீழேயும் அதே. பொதுவான குறிச்சொற்களைப் பார்த்துத்தான் அந்தப் பெட்டி பதிவுகளைத் தெரிந்தெடுக்கும். சுபாஜினியின் பதிவுக்கு அவன் எந்தக் குறிச்சொல்லும் வைத்திருக்கவில்லை. நிரலை வரிவரியாகப் பார்த்தான். பிழை எதுவும் இல்லை.

அன்று மாலை தயாளினியிடம் சொன்னபோது, வேலையில்லாதவர்கள் அழுத்தி விளையாடுவார்கள், விட்டுவிடுங்கோ என்றாள். அவனும் விட்டுவிட்டான். மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு மறுபடி அதன் முன் உட்காரும்வரைக்கும்.

பதிவைத் திரும்ப வாசித்தான். 'கொட்டும் மழையில்' என்ற இடத்தில் கண் நின்றது. அந்த நேரம் மழை விட்டிருந்தது. துமித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். எழுதும்போது கொட்டும் மழை என்று வந்துவிட்டது. அதைச் 'சிறு தூறலில்' என்று மாற்றிச் சேமித்தான்.

இரண்டு நட்சத்திரம்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவனுடைய முதுகில் சட்டை ஒட்டியிருந்தது, ஆனால் கழுத்தடியில் குளிர்ந்தது. சோதித்துப் பார்க்க வேண்டும் போலிருந்தது. சுபாஜினி சிவப்புச் சட்டை போட்டிருந்தாள் என்று ஒரு வரி சேர்த்தான். அது பொய். நட்சத்திரம் ஒன்றாக விழுந்தது. அதை அழித்து, அவனுடைய பழைய பள்ளிக்கூடச் சேர்ட்டைப் போட்டிருந்தாள், கை நீளம் என்று மடித்து விட்டிருந்தது என்று எழுதினான். அது யாருக்கும் சொல்லாத, அவனுக்கே மறந்துபோன சங்கதி.

இரண்டு. பிறகு, அவன் பார்த்துக்கொண்டிருக்கவே, இரண்டரை.

வாக்குகள் எந்த இணைப்பிலிருந்து வருகின்றன என்று காட்டும் பதிவேடு ஒன்று உண்டு. அதைத் திறக்க அவனுக்கு விருப்பமில்லை. திறந்தான். எல்லா வாக்கும் ஒரே முகவரியிலிருந்து. மேசை மூலையில் பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருந்த, அவனுடைய சொந்த வீட்டு இணைப்பு அது.

குகதாசன் எழுந்து வீடு முழுவதும் நடந்தான். அறைகள், குசினி, குளியலறை, கட்டிலுக்கு அடி. ஒருவரும் இல்லை. குசினி யன்னலால் வாழைத் தோட்டம் தெரிந்தது. இலைகள் சலசலத்தன. மழைச் சத்தம். மழை இல்லை.

அம்மாவாக இருக்குமோ என்ற ஒரு நப்பாசை. இணைப்புக் கணக்கில் ஏதோ கோளாறாக இருக்கலாம். கனடாவில் விடியும் நேரம் பார்த்துத் தொலைபேசி எடுத்தான். நட்சத்திரம் என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியவில்லை. வாசிப்பேன், வேறொன்றும் அமத்தமாட்டேன் என்றாள். ஏன் இப்போது அதைக் கேட்கிறாய் என்று கேட்டாள். அவன் ஒன்றுமில்லை என்றான்.

"தம்பி," என்றாள் அம்மா. "அப்பா சாகுமட்டும் உன்னை ஒரு சொல்லுச் சொல்லேல்லை. நானும் சொல்லேல்லை. நீ என்ரை பிள்ளையின்ரை கையை விட்டிருக்கமாட்டாய். சனந்தான் பறிச்சது. அது எனக்குத் தெரியும்."

"ஓம் அம்மா," என்றான்.

வைத்துவிட்டு நேரே போய் இரண்டு விட்ஜெட்டுகளையும் வார்ப்புருவிலிருந்து நீக்கினான். நட்சத்திரம் போயிற்று. பெட்டி போயிற்று. மூன்று நாள் ஒன்றுமில்லை. தயாளினியோடு சுன்னாகம் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கி வந்தான், கிணற்று மோட்டரைத் திருத்தினான், நன்றாகச் சாப்பிட்டான். ஆனால் மூன்று இரவும் விறைத்துப்போய்க் கிடந்தான். பயத்தினால் என்று சொல்ல முடியாது. முப்பது வருடத்தில் அம்மா, அப்பா, மனைவி, ஊர், ஒருவராவது அவனை, உண்மையில் என்ன நடந்தது என்று திருப்பிக் கேட்டதில்லை. சொன்னதை நம்பினார்கள். இது ஒன்றுதான் நம்பவில்லை. நாலாம் நாள், தயாளினி படலையைத் தாண்டியதும், விட்ஜெட்டை அவனே திரும்பச் சேர்த்தான்.

இந்த முறை புதிதாக ஒரு வரைவைத் தொடங்கினான். வரைவு யாருக்கும் தெரியாது. வெளியிடும்வரைக்கும் எழுதுகிறவன் ஒருவன்தான் பார்க்கலாம். அதில் எழுதினான்.

காய்ச்சலோடு கிடந்த அம்மாவைச் சைக்கிளில் இருத்தி அப்பா உருட்டிக்கொண்டு முன்னால் போனதை. தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வா என்று தனக்குச் சொன்னதை. கோப்பாய் தாண்டுமுன்பே அவர்கள் கண்ணுக்கு மறைந்துவிட்டதை. கடல்நீரேரிக்கு நடுவே போகும் தெருவில் அடிக்கு அடி சனம் நின்று நின்று நகர்ந்ததை. சுபா நடக்கமாட்டேன் என்று குந்தியதை. அவளைத் தூக்கித் தூக்கித் தன் கை மரத்துப்போனதை. ஒரு மதகடியில், மூட்டைகள் ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று பக்கத்தில் ஊர்ந்து வந்ததை. மேலே இருந்த ஒருவர் குனிந்து, தம்பி, ஒரு ஆளுக்கு இடமிருக்கு, ஏறு என்று கையை நீட்டியதை.

விரல்கள் விசைப்பலகையில் நின்றன. பிறகு ஓடின.

கை பறிபடவில்லை. நான்தான் விட்டேன். இதிலை இரு, அண்ணை அப்பாவைப் பாத்துக் கூட்டிக்கொண்டு வாறன் என்று சொல்லி மதகுக் கட்டில் அவளை இருத்தினேன். தெரு முடிகிற இடத்தில் இறங்கித் திரும்பி வரத்தான் நினைத்தேன். மூட்டைகளுக்கு மேல் நித்திரையாகிப் போனேன். முழிக்கும்போது சாவகச்சேரி. விடிந்திருந்தது. திரும்பிப் போகவில்லை. இரண்டு நாள் கழித்து அம்மாவையும் அப்பாவையும் கண்டபோது, சனத்துக்குள் கை பறிபட்டுப் போச்சு என்றேன்.

எழுதி முடித்துவிட்டு மேசையில் தலையைச் சாய்த்து, குரலெடுத்து அழுதான். அப்படி அழுது பல வருடம். நிமிர்ந்தபோது நெஞ்சு இலேசாக இருந்தது. வரைவைச் சேமித்து, எப்படித் தெரியும் என்று பார்க்க முன்னோட்டத்தைத் திறந்தான்.

யாரும் பார்க்க முடியாத அந்தப் பக்கத்தின் அடியில், ஒரு வாக்கு.

நாலு நட்சத்திரம்.

அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். காற்று விழுந்திருந்தது. வாழை இலைகள் அசையவில்லை. ஆனால் அந்தச் சலசலப்பு நிற்கவில்லை. அது இப்போது வெளியிலிருந்து வரவில்லை, எங்கிருந்து வருகிறதென்று சொல்லவும் முடியவில்லை. அறைக்குள் ஈர மண் மணத்தது. முதல் மழைத்துளி விழும்போது தெருப் புழுதியிலிருந்து எழும்புகிற மணம்.

நாலு. ஏன் நாலு? எல்லாம் சொல்லியாயிற்று. ஒரு பொய்கூட இல்லை. தெரிந்தது அத்தனையும் இருக்கிறது. மிச்சம் என்ன?

மிச்சம், அவனுக்குத் தெரியாதது.

ஒரு வரி சேர்த்தான். யாரோ ஒரு நல்ல மனிதர் அவளைக் கூட்டிக்கொண்டு போய் வளர்த்திருப்பார். முப்பது வருடமாக இரவில் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் வரி அது.

இரண்டு நட்சத்திரம்.

அழித்தான். இருட்டில் தவறி நீரேரிக்குள் விழுந்திருப்பாள்.

ஒன்று.

அழித்தான். விடியும்வரை அந்த இடத்திலேயே இருந்தாள்.

நாலு.

போகிற வருகிற எல்லாரையும் அண்ணையைக் கண்டீர்களா என்று கேட்டாள்.

நாலு. நாலரையின் விளிம்பில் மினுங்கியது.

சனமெல்லாம் போய் முடிந்தது. தெரு வெறுமையானது. அவள் இறங்கி நடந்தாள். தென்மராட்சிக்கு.

மூன்று.

அழித்தான். திரும்பி நடந்தாள். வீட்டுக்கு.

நாலரை.

இப்போது அவன் சேமிக்கவே தேவையிருக்கவில்லை. எழுத எழுதவே நட்சத்திரங்கள் ஏறின, இறங்கின. படலையடியில் நின்றாள். மூன்று. வீட்டுக்குள் போனாள். மூன்று. ஆம், வீட்டைப் பூட்டித் திறப்பை அப்பா கொண்டுபோயிருந்தார். கிணற்றடியில். மூன்று. வாழைக்குள். மூன்று. ஷெல் சத்தம் கேட்டால் எங்கே ஓட வேண்டுமென்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம்.

நாலரை.

பங்கர்.

ஐந்து.

ஐந்தும் மஞ்சளாய் நின்றன. அசையவில்லை.

குகதாசன் கால்களை மெல்ல நிலத்திலிருந்து தூக்கி நாற்காலிக்குள் மடக்கிக்கொண்டான்.

அந்தப் பங்கரை அப்பா தொண்ணூறாம் ஆண்டில் வெட்டினார், பின்வளவில், பனங்குற்றிகள் பரவி மண்மூட்டை அடுக்கி. தொண்ணூற்றாறு சித்திரையில் ஊருக்குத் திரும்பி வந்தபோது மூட்டைகள் சரிந்து வாயில் அரைவாசி மூடியிருந்தது. ஒரு லோட் மண் பறித்து அதை நிரப்பிவிட அப்பா முடிவெடுத்தார். நிரப்புமுன் ரோச் லைட்டைக் கையில் தந்து, உள்ளுக்கு ஏதும் சாமான் கிடக்குதோ பார் என்று அனுப்பியது குகதாசனை. அவன் வாயிலடிவரை போனான். பாம்பு இருக்குமென்று பயம். உள்ளே இருட்டு. குனியவில்லை. வெளிச்சம் அடிக்கவில்லை. திரும்பி வந்து, ஒண்டுமில்லை அப்பா என்றான். பத்து வருடத்துக்கு முன்பு, கலியாணம் கட்டியபின், அந்த இடத்துக்கு மேலேதான் இந்த அறையைச் சேர்த்துக் கட்டினார்கள். சீமெந்து நிலம். அதற்கு மேல் மேசை. மேசைக்கு மேல் கணினி.

அவன் தட்டச்சு செய்தான். அங்கேயே பசியில் இறந்துபோனாள்.

ஒன்று.

மண்ணுக்குள் மூச்சடைத்து இறந்துபோனாள்.

ஒன்று.

இறந்துபோனாள்.

ஒன்று. ஒன்று. ஒன்று.

அந்தச் சொல்லை அழித்தான். சுட்டி அடுத்த வரியில் நின்று துடித்தது. எழுதப் பயந்தான். எழுதினான்.

இருக்கிறாள்.

ஐந்து.

தயாளினிக்குத் தொலைபேசி எடுத்தான். அவள் வார்ட்டில் நின்றாள், பிறகு எடுக்கிறன் என்று வைத்துவிட்டாள். தெருவுக்கு ஓடியிருக்கலாம். பக்கத்து வீட்டு அருட்செல்வனைக் கூப்பிட்டிருக்கலாம். அவன் கொட்டிலுக்குப் போய் இரும்பு அலவாங்கை எடுத்து வந்தான். மேசையைச் சுவரோடு தள்ளினான். ஒரு முறை பார்க்காமல் வந்தாயிற்று. இனியும் பார்க்காமல் இந்த வீட்டில் படுத்தெழும்ப முடியாது என்று மட்டும் தெரிந்தது.

நாலு மணி வெயில் யன்னலால் நீளமாக விழுந்து கிடந்தது. முதல் குத்தில் சீமெந்து தெறித்தது. பத்தாவது குத்தில் வெடித்தது. உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. துண்டுகளைக் கையால் பெயர்த்தெறிந்தான். கீழே மண். காய்ந்திருக்க வேண்டிய மண். ஈரம். தோண்டத் தோண்ட ஈரம். அலவாங்கு ஒரு முழம் இறங்கியது. பிறகு தடையில்லாமல், வெறுமைக்குள் விழுந்தது. அது போய் மோதும் சத்தத்துக்காகக் காத்திருந்தான். கேட்கவில்லை.

ஓட்டை சரிந்து அகன்றது. அதற்குள்ளிருந்து குளிர்காற்று முகத்தில் அடித்தது. அந்தச் சத்தமும். இப்போது எந்தச் சந்தேகமும் இல்லை.

கீழே மழை பெய்துகொண்டிருந்தது.

நெஞ்சை நிலத்தோடு அழுத்திப் படுத்து, கைப்பேசி வெளிச்சத்தைக் குழிக்குள் பிடித்தான். சிறு தூறல். வெளிச்சத்தில் ஊசி ஊசியாய்த் தெரிந்தது. எங்கிருந்து விழுகிறது என்பது தெரியவில்லை. பனங்குற்றிகள். ஒரு மூலை. மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு சின்னப் பிள்ளை. தலைமயிர் கன்னத்தோடு ஒட்டி, நீர் சொட்டியது. வெளிச்சம் பட்டதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

அவள் கண்டது, நாடியில் நரைத்த மயிர். கண்ணாடி. அவளுக்கு முன்பின் தெரியாத ஒரு மனிதர்.

"ஐயா," என்றாள். குரல் கரகரத்திருந்தது, நெடுநேரமாக அதையே கேட்டுக் களைத்த குரல். "எங்கடை அண்ணையைக் கண்டனீங்களோ?"

ஒரு சொல் போதும். அவன் வாயைத் திறந்தான். அந்தச் சொல் தொண்டைவரை வந்தது. அவள் காத்திருந்தாள். இமையில் துளிகள் நின்றன. நான்தான் என்று சொன்னால் அவள் கேட்கப் போகும் அடுத்த கேள்வி அவனுக்குத் தெரியும்.

"இல்லைப் பிள்ளை," என்றான் குகதாசன். "நான் காணேல்லை."

அவள் நம்பினாள். முகத்தில் கொஞ்சமும் கோபமில்லை. எழுந்து நின்று, நுனிக்காலில் எட்டி, குழிக்குள் தொங்கிக்கொண்டிருந்த அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் சின்னவை. பிடி சின்னதாக இல்லை. அவனுடைய தோள் ஓட்டையின் விளிம்பைத் தாண்டிச் சரிந்தது.

"பறவாயில்லை," என்றாள். "அண்ணை வாறன் எண்டு சொன்னவர். அவர் வருமட்டும் நீங்களும் இதிலை இருங்கோ."

பிடித்த கையை விடாமலே, அவள் மூலைச் சுவரோடு ஒட்டி இருந்து, தனக்குப் பக்கத்தில் அவனுக்கு இடம்விட்டாள்.